குஞ்சு பொரிச்ச அன்னைக்கே சேவலா பெட்டையான்னு சொல்ல முடியுமா?



திருவிழாவுல கலர் கோழிக்குஞ்சு வாங்காதவங்க நம்ம வகுப்புல யாராவது இருக்கீங்களா? பச்சை, ரோஸ், ஆரஞ்சுன்னு அட்டைப்பெட்டி நிறைய கீச்கீச்சுன்னு கத்திக்கிட்டு இருக்குமே, அதுதான். நான் மூணாவது படிக்கும்போது ஒரு ரோஸ் குஞ்சு வாங்கினேன். நாலாம் நாள் காலையில செத்துக் கிடந்தது. அது சேவலா பெட்டையான்னு அப்ப நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வெச்சது எங்க அத்தை.

அத்தைக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. தை, மாசியில தொடங்கினா புரட்டாசி வரைக்கும்தான் உப்பு வாருவாங்க. ஐப்பசியில மழை பிடிச்சுதுன்னா பாத்தியெல்லாம் ஒரே தண்ணி. மார்கழி முடியிற வரைக்கும் கூலி கிடையாது. அந்த மூணு மாசத்துக்கு முட்டை வித்தாவது மளிகைக் கடன் கட்டலாம்னு, போன வருஷம் சைக்கிள்ல வந்த ஒருத்தர்கிட்ட பத்துக் குஞ்சு வாங்கினாங்க. "கலர் போட்டது பசங்க விளையாட. கலர் போடாதது பூரா பெட்டை"ன்னு சொல்லி ஒரு குஞ்சுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிட்டுப் போயிட்டார். ஆறு குஞ்சு குளிர்லயே போச்சு. மிச்சம் நாலையும் அத்தை நொய் போட்டு, கரையான் தட்டிப் போட்டு வளர்த்தாங்க. ஒருநாள் விடியக்காலையில ஒண்ணு கூவிச்சு. அடுத்த வாரம் நாலும் கூவிச்சு!

அத்தை சிரிச்சுக்கிட்டேதான் இதைச் சொன்னாங்க. ஆனா அந்த வருஷம் அவங்க காதுல தோடு இல்லை, அடகுக் கடையில இருந்துச்சு.

நாலும் சேவலாப் போனது ராசி இல்லாததாலன்னு ஆயா சொன்னாங்க. அறிவியல் டீச்சர்கிட்ட கேட்டேன். ராசி எல்லாம் ஒண்ணும் இல்லைன்னு அவங்க விளக்கினாங்க. நம்ம சத்துணவு முட்டை இருக்கு இல்லையா, அந்த மாதிரி முட்டை நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகள்ல இருந்துதான் அதிகமா வருது. அந்தப் பண்ணைகளுக்கு வேண்டியது முட்டை போடுற பெட்டை மட்டும். குஞ்சு பொரிக்கிற இடத்துல பாதி சேவல், பாதி பெட்டைதான் பொரிக்கும். அந்தச் சேவல் முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி சீக்கிரம் சதையும் வைக்காது. அதனால முதல் நாளே பிரிச்சு, சேவல் குஞ்சுகளைக் கொன்னுடுவாங்க, இல்லைன்னா அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவாங்க. சாயம் பூசித் திருவிழாவுக்கு வர்றதும், சைக்கிள் கூடையில வர்றதும் அதுங்கதான். என் ரோஸ் குஞ்சும் சேவலாத்தான் இருந்திருக்கும். தாய்க்கோழியோட சூடு இல்லாததாலதான் அது செத்தது, நான் தூக்கித் தூக்கி விளையாடினதால மட்டும் இல்லை. இது தெரிஞ்சப்போ கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு, கோபமாவும் இருந்துச்சு.

(ஜெர்மனி நாட்டில் இப்படிக் கொல்லக் கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது.)

இதை வீட்டுல சொன்னப்போ ஆயா சொன்னது: "மனுஷன் பொட்டைன்னா மூஞ்சி சுளிச்சான், கோழியில சேவல்னா சுளிக்கிறானா?" அம்மா சட்டுன்னு, "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு"ன்னாங்க. நானும் மேல கேக்கலை.

சரி, அவங்க முதல் நாளே எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? 1920-களில் ஜப்பான் நாட்டு அறிஞர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. குஞ்சோட ஆசனவாயை லேசா விரிச்சுப் பார்த்தா உள்ளே சின்ன மொட்டு மாதிரி ஒண்ணு தெரியும், அதை வெச்சுச் சொல்லணும். பழகினவங்க மணிக்கு 800, 1000 குஞ்சு பார்ப்பாங்களாம். நமக்கு அது முடியாது. குஞ்சு செத்துடும், தயவுசெய்து யாரும் முயற்சி பண்ணாதீங்க. நாம செய்யக்கூடியது நிறத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிற வழி. அதுக்குக் கொஞ்சம் பாடம் படிக்கணும்.

மனுஷங்கள்ல பெண்ணுக்கு XX, ஆணுக்கு XY குரோமோசோம். கோழியில தலைகீழ்! சேவலுக்குத்தான் ஒரே மாதிரி ரெண்டு, அதை ZZ-ன்னு எழுதுவாங்க. பெட்டைக்கு ZW. அதாவது குஞ்சு சேவலா பெட்டையான்னு முடிவு பண்றது தாய்க்கோழி. தாய் தன்னோட Z-ஐக் குடுத்தா சேவல், W-ஐக் குடுத்தா பெட்டை. இப்ப கவனிங்க. தாயோட Z மகனுக்கு மட்டும்தான் போகும். மகளுக்கு Z அப்பாகிட்ட இருந்துதான் வரும்.

கருப்பும் வெள்ளையுமா உடம்பு முழுக்கக் கோடு போட்ட கோழி பார்த்திருப்பீங்க. எங்க வீட்டுல வரிக்கோழின்னு சொல்லுவோம். அந்த வரிக்கான ஜீன் இருக்கிறது Z குரோமோசோம்ல. அப்போ வரிப் பெட்டையையும், வரியே இல்லாத சேவலையும் சேர்த்தா என்ன ஆகும்? அம்மாவோட வரி மகன்களுக்கு மட்டும் போகும். மகள் ஒண்ணுக்குக்கூட வரி இருக்காது. பொரிச்ச அன்னைக்கே இது தெரியும். வரி ஜீன் இருக்கிற கருப்புக் குஞ்சுக்கு உச்சந்தலையில திருநீறு வெச்ச மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். இல்லாததுக்குத் தலை முழுக்கக் கருப்பு. (பக்கத்துல ஸ்கெட்ச் பேனாவால வரைஞ்சிருக்கேன். கொக்கு மாதிரி இருக்குன்னு சிரிக்காதீங்க, அது கோழிதான்.)

எங்க வீட்டுல ஒரு வரிக்கோழி இருந்துச்சு, மாமா வீட்டுல ஒரு செவலைச் சேவல் இருந்துச்சு. சேவலைக் கொண்டுவந்து விட்டு, ஒரு வாரம் கழிச்சு முட்டை சேர்த்து, தை மாசம் அடை வெச்சோம். கூடையில தவிடு போட்டு, இடி இடிச்சா முட்டை கெடக்கூடாதுன்னு ஆயா ஒரு ஆணியும் அடுப்புக்கரியும் வெச்சாங்க. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு. எட்டுக்குத் தலையில பொட்டு! எல்லாம் சேவல்னு நினைச்சு அழுகையே வந்துடுச்சு. ஆனா வளர வளரப் பார்த்தா அந்த எட்டுல நாலு பெட்டை, உடம்பெல்லாம் வரியோட. பாடமே தப்பான்னு டீச்சர்கிட்ட போய் நின்னேன்.

டீச்சர் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "செவலைச் சேவல் வர்றதுக்கு முன்னாடி உங்க கோழி எந்தச் சேவலோட மேஞ்சுது?" அப்பதான் புரிஞ்சுது. எதிர் வீட்டுல ஒரு வரிச்சேவல் இருக்கு. ஒரு தடவை சேவலோட சேர்ந்த கோழி ரெண்டு மூணு வாரத்துக்குக் கருவுள்ள முட்டை போட்டுக்கிட்டே இருக்குமாம். நான் ஒரு வாரம்தான் விட்டிருந்தேன். அப்பாவுக்கு வரி இருந்தா மகளுக்கும் வரி வரும் இல்லையா, அதுதான் நடந்தது. பாடம் சரி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

ரெண்டாவது தடவை வரிக்கோழியையும் செவலைச் சேவலையும் பழைய மீன்வலை கட்டின கூண்டுல மூணு வாரம் அடைச்சு வெச்சேன். தீனி, தண்ணி எல்லாம் நான்தான். முதல் மூணு வாரத்து முட்டையைச் சாப்பிட்டுட்டோம். அதுக்கப்புறம் போட்ட பன்னிரண்டு முட்டையைச் சேர்த்து அடை வெச்சோம். சித்திரையில பத்துக் குஞ்சு பொரிச்சுது.

ஏழு கருப்பு, மூணு பழுப்பு. கருப்புல மூணுக்குத் தலையில பொட்டு, நாலுக்கு இல்லை. (வயித்துலயும் இறக்கை நுனியிலயும் வெள்ளை எல்லாத்துக்கும் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.) பழுப்புக் குஞ்சுக்கு முதுகுல அணில் மாதிரி கோடு இருந்துச்சு. காட்டுக்கோழிக் குஞ்சும் இப்படித்தான் இருக்குமாம், நம்ம வீட்டுக் கோழிக்கெல்லாம் பாட்டன் அதுதானே. வரி ஜீன் இருந்தா அந்த அணில்கோடு தண்ணி பட்ட மை மாதிரி கலங்கித் தெரியும். ஒரு குஞ்சுக்குக் கலங்கி இருந்துச்சு. ரெண்டுக்குத் தெளிவா இருந்த மாதிரி தோணிச்சு. சேவல்னு நினைச்ச நாலுக்கும் காலில் சிவப்பு நூல், பெட்டைன்னு நினைச்ச ஆறுக்கும் பச்சை நூல் கட்டினேன். கால் பெருக்கப் பெருக்க வாராவாரம் அவிழ்த்துக் கட்டணும், இல்லைன்னா நூல் காலை அறுத்துடும்.

ஒரு சிவப்பு நூலைப் பருந்து தூக்கிட்டுப் போச்சு. ஒரு பச்சை நூல் கோடை மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. மீதி எட்டு. ஆடி மாசத்துல கொண்டை பார்த்து எல்லாத்தையும் எண்ணினோம். ஏழு சரி, ஒண்ணு தப்பு. தப்பானது அணில்கோடு தெளிவா இருக்குன்னு நான் நினைச்ச ஒரு பழுப்புக் குஞ்சு. அது சேவல். கருப்புக் குஞ்சுல ஒண்ணுகூடத் தப்பலை.

ஆயாவும் ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. கூர்ப்பா இருக்கிற முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டையாம். அடை வைக்கும்போதே பென்சில்ல ஆயா சொன்னபடி குறி போட்டேன். பன்னிரண்டும் ஒரே கோழி போட்டது, எல்லாம் ஒரே வடிவம்! ஆயாவே ரெண்டு நாள் உருட்டி உருட்டிப் பார்த்துட்டு, பத்தைக் கூர்ப்புன்னு சொன்னாங்க. முட்டை வடிவம் கோழிக்குக் கோழி மாறுமே தவிர, உள்ளே இருக்கிற குஞ்சுக்காக மாறாது. ஆயா இதை இன்னும் ஒத்துக்கலை.

எட்டுக் குஞ்சு போதுமா, தற்செயலா இருக்கலாமேன்னு டீச்சர் கேட்டாங்க. நியாயம்தான். அதனால இன்னொரு அடையும் வெச்சிருக்கேன், அது அடுத்த இதழ்ல.

நாலு பெட்டையையும் ஆவணியில அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பஸ்ல கூடையை மடியில வெச்சுக்கிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில போனது தனிக் கதை. போன வாரம் அத்தை போன் பண்ணினாங்க. மழையில உப்பளம் மூழ்கிடுச்சு, ஆனா ரெண்டு கோழி முட்டை வைக்க ஆரம்பிச்சுடுச்சாம். சேவலை நாங்க தூக்கிப் போடலை. நாட்டுச்சேவலுக்கு எப்பவும் விலை இருக்கு, ஒண்ணு தீபாவளிக்குப் போச்சு, ஒண்ணு முனீஸ்வரனுக்கு.

இதுல ஒரு குறை இருக்கு. இந்த வழி ஒரு தலைமுறைக்குத்தான் பலிக்கும். இப்ப வந்த வரிச்சேவலையும் வரியில்லாப் பெட்டையையும் சேர்த்தா, வரி மகனுக்கும் போகும் மகளுக்கும் போகும், பொட்டைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் வரிப்பெட்டையும் வரியில்லாச் சேவலும் தேடணும்.

இதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. பத்தாம் வகுப்புப் புத்தகத்துல மெண்டல் பாடத்துல கட்டம் போடுவாங்களே, புன்னட் கட்டம், அந்தப் புன்னட்தான்! இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் பேராசிரியர். முதல் உலகப் போரில் (1914–1918) தீவனத் தட்டுப்பாடு வந்தபோது, நிறத்தைப் பார்த்துச் சேவல் குஞ்சை முதலிலேயே பிரித்துவிடலாம் என்று சொன்னவர். பிறகு 1920-களின் கடைசியில் அவரும் பீஸ் என்பவரும் சேர்ந்து, பிளைமவுத் ராக் என்ற வரிக்கோழியையும் கேம்பைன் என்ற பழைய இனத்தையும் கலந்து 'கேம்பார்' என்ற புது இனத்தை உருவாக்கினார்கள். பீஸ் அதோடு நிற்காமல் லெகார்ன் கோழியோடு கலந்து 'லெக்பார்' செய்தார். இந்த இனங்கள்ல அப்பா அம்மா ரெண்டுக்கும் வரி உண்டு. சேவலுக்கு ரெண்டு Z, அதனால வரி ஜீனும் ரெண்டு பங்கு. பெட்டைக்கு ஒரே பங்கு. ரெண்டு பங்கு வாங்கின சேவல் குஞ்சு வெளுத்துப்போய் இருக்கும், பெட்டைக் குஞ்சு கருத்து, அணில்கோடு பளிச்சுன்னு இருக்கும். தலைமுறை தலைமுறையா இது மாறாது. ஆனா பழுப்புக் குஞ்சா இருந்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், கருப்புல அவ்வளவா தெரியாது.

என்கிட்ட ஒரு பழுப்புக் குஞ்சுச் சேவல் இருக்கு, நான் தப்பாச் சொன்னேனே அதேதான்! செவலையும் வரியும் கலந்து அழகா இருக்கு. விலைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க. பொங்கல் வரைக்கும் விக்க வேண்டாம்னு அம்மாகிட்ட கெஞ்சி வாங்கியிருக்கேன். இதோட பழுப்புல வரி போட்ட பெட்டையைச் சேர்த்தா, வர்ற சேவல் குஞ்சுகள்ல பாதிக்கு ரெண்டு பங்கு வரி கிடைக்கும். அதுல வெளுத்ததைப் பொறுக்கி, வரிப்பெட்டையோட மறுபடி சேர்க்கணும். கோழி பருவத்துக்கு வரவே ஆறு மாசம் ஆகும், கணக்குப் போட்டா ரெண்டு வருஷம். நான் பதினொண்ணாவது போயிடுவேன்.

இப்ப எனக்கு வேண்டியது அந்தப் பெட்டைதான். இரும்பையில நான் தேடிட்டேன், கிடைக்கலை. உங்க ஊர்ல, உங்க வீட்டுல பழுப்பு நிறத்துல வரி போட்ட பெட்டை இருந்தா சொல்லுங்க. முட்டையை மட்டும் கொண்டுவராதீங்க, அதுக்கு அப்பா உங்க வீட்டுச் சேவலா இருக்கும். கோழியையே ஆறு வாரம் எங்க வீட்டுல விடணும். முதல் மூணு வாரத்து முட்டை பூரா உங்களுக்கு. அதுக்கப்புறம் போடுறதுல பத்து முட்டை எனக்கு. காசு தர முடியாது, பொரிச்சா ரெண்டு பெட்டைக் குஞ்சு தர்றேன்.

ஒன்பதாம் வகுப்பு, ஜன்னல் பக்கம் ரெண்டாவது வரிசை. சாப்பாட்டு மணி அடிச்சதும் வந்து சொல்லுங்க. அம்மா சேவலை வித்துடுறதுக்குள்ள.