பச்சைக் கலவை உணவு: சுவையும் தூய்மையும்

அடுப்பில் ஏற்றாமல் உண்ணும் உணவுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. காய்கனிகளின் சத்து அதில் பெரும்பாலும் குறையாமல் நிற்கும். ஆனால், கிருமிகளைக் கொல்லும் நெருப்பு அதைத் தொடுவதில்லை. இவ்விரண்டையும் மனத்தில் கொண்டு, சிங்கப்பூரில் பெயர்பெற்ற ‘ரோஜாக்’ செய்யும் முறையை நாம் அறிந்துகொள்வோம்.

‘ரோஜாக்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் ‘கலவை’ என்பது பொருள். சீனர் முறையில் காய்கனிகளுடன் கறுப்பு இறால் விழுதும் வேர்க்கடலையும் சேரும். இந்தியர் முறையில் பொரித்த பண்டங்களும் வெள்ளரிக்காயும் காரமும் இனிப்பும் கலந்த குழம்புடன் பரிமாறப்படும். சிராங்கூன் சாலையில், 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேக்கா நிலையத்தில் காய்கனிகளை ஆண்டு முழுவதும் வாங்கலாம். நம் தோட்டங்களிலோ இவற்றுட் பலவற்றை வீட்டுக் கொல்லையிலேயே பயிரிடலாம்.

ஐந்து பேருக்குத் தேவையானவை: வெள்ளரிக்காய் 2, கொய்யா 2, செங்காயான மாங்காய் 1, சிறிய செங்குவாங் கிழங்கு 1, அன்னாசி பாதி, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. குழம்புக்கு நெல்லிக்காய் அளவு புளி, கருப்பட்டித் தூள் 2 மேசைக்கரண்டி, வறுத்த மிளகாய் 2, சிறிது உப்பு.

புளியைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து வடிகட்டி, கருப்பட்டி, அரைத்த மிளகாய், உப்பு சேர்த்துக் கெட்டியாகும்வரை காய்ச்சி ஆறவிடுக. விரும்புவோர் சுட்ட பெலாச்சான் சிறிது சேர்க்கலாம். காய்கனிகளைத் துண்டுகளாக்கி, உண்ணும் வேளையில் மட்டும் குழம்பைக் கலந்து கடலையைத் தூவுக. முன்கூட்டியே கலந்தால் உப்பினால் நீர்விட்டுத் துண்டுகள் துவண்டுவிடும்.

கொய்யாவில் ஆரஞ்சைவிட ‘வைட்டமின் சி’ மிகுதி. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க அது துணைபுரிகிறது. ஆதலால், இக்கலவையைச் சோற்றுடன் உண்பது நன்று. இரத்தசோகையுள்ள தாய்மார்களுக்கு இது மிகவும் ஏற்றது.

இனி, தூய்மையைப் பற்றிக் கூறுவோம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சிங்கப்பூரின் கேலாங் சராய் தற்காலிகச் சந்தையில் இந்தியர் முறை ரோஜாக் உண்ட 154 பேர் நோயுற்றனர், இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவிலிருந்த ‘விப்ரியோ’ என்னும் கிருமி ரோஜாக்கில் கலந்ததே காரணம் என விசாரணை காட்டியது. ஒரே பலகை, ஒரே கத்தி, கழுவாத கை ஆகியவை கிருமிக்குப் பாலமாகிவிடும்.

ஆகவே, பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போம்:

1. மீன், இறைச்சி நறுக்கும் பலகையும் கத்தியும் வேறு, காய்கனிக்கு வேறு.

2. பால் வெட்டித் திரும்பியவுடன் கைகளைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவிய பின்னரே சமையலறைக்குள் நுழைக.

3. களைக்கொல்லி தெளித்த இடங்களில் கீரையோ காயோ பறிக்கலாகாது. களைக்கொல்லியும் பால் உறையவைக்கும் அமிலமும் இருந்த கலங்களை எவ்வாறு கழுவினும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

4. தோலை நீக்குமுன் காய்கனிகளை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுக.

5. நறுக்கிய கலவையை ஈ மொய்க்காமல் மூடி, இரண்டு மணி நேரத்திற்குள் உண்க. மிஞ்சியதை மறுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டித்தரலாகாது.

இவற்றிற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. இரண்டாவது பலகை ஒன்றும், ஒரு துண்டுச் சவர்க்காரமும், சற்று விழிப்பும் இருந்தால், கொல்லையில் விளைந்தது குடும்பத்தின் நலத்தைக் காக்கும்.