பழைய எஸ்.யு.வி. வாங்குமுன் ஒரு கணக்கு

தில்லியில் வாழும் நம் குடும்பங்களில் பழைய எஸ்.யு.வி. மீது ஆசை வளர்ந்து வருகிறது. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஏழு பேரும் ஒரே வண்டியில் ஹரித்வார் போய்வரலாம். ஓய்வு பெற்றதும் சாமான்களோடு அதே வண்டியில் ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் உண்டு. புதிதாக வாங்கினால் பதினைந்து, பதினெட்டு லட்சம் ஆகக்கூடிய வண்டி, ஏழெட்டு வருடம் ஓடியபின் ஐந்தாறு லட்சத்துக்குக் கிடைக்கிறது. வாகனப் பழுதுபார்ப்புத் துறையில் முப்பது வருடம் கழித்தவன் என்பதால், "சார், இந்த விலைக்கு வாங்கலாமா?" என்று சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்பது வழக்கம். விலையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல இயலாது. யானையை வாங்குவது எளிது. கட்டித் தீனி போடுவதுதான் கடினம். வண்டியின் விலை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கலாம். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படிக் குறைவதில்லை. ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கும் பதினெட்டு லட்ச ரூபாய் வண்டியின் கிளட்சையும் டர்போவையும்தான் வாங்கிப் போட வேண்டும்.

தில்லியில் ஏன் மலிவு?

பத்து வயது கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் ஆணையிட்டது. பெட்ரோல் வண்டிக்கு எல்லை 15 ஆண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டிக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கூறிய அதே நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரமுள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. விதி இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், பத்து வயதை நெருங்கும் டீசல் வண்டியை விற்கவே உரிமையாளர்கள் விரும்புகிறார்கள். விலை குறைவதற்கு இது முக்கியக் காரணம். நீங்கள் விற்கும் நாளிலும் இதே காரணம் உங்களுக்கு எதிராக நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. தில்லியில் பி.எஸ்.-4 தரம் 2010-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் வந்தது 2017-ல்தான். ஆகவே வெளிமாநிலத்தில் பதிவான 2013, 2014 வண்டி பி.எஸ்.-3 ஆக இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2016-ம் வருடத்துத் தில்லி வண்டி என்றால் என்ஜினின் அளவையும் பாருங்கள். 2015 டிசம்பர் முதல் 2016 ஆகஸ்டு வரை, 2000 சி.சி.யும் அதற்கு மேற்பட்டதுமான டீசல் கார்களை இங்கே பதிவு செய்யத் தடை இருந்தது. அதனால் மஹீந்திரா எக்ஸ்.யு.வி. 500 வண்டி, வழக்கமான 2.2 லிட்டர் என்ஜினுக்குப் பதிலாக 1.99 லிட்டர் என்ஜினுடன் இங்கே விற்கப்பட்டது. காஷ்மீரி கேட் கடையில் உதிரிபாகம் கேட்கும்போது எந்த என்ஜின் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

எவை பழுதாகும்?

முதலாவது கிளட்ச். ரிங் ரோடு நெரிசலில் கிளட்சைப் பாதி அழுத்தியே ஓட்டிய வண்டியில் அது சீக்கிரம் தேயும். பல டீசல் எஸ்.யு.வி.களில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் உண்டு. அதுவும் போயிருந்தால் செலவு பல மடங்காகும்.

இரண்டாவது டர்போ. இது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக் கூடியது. அதன் பேரிங்கைக் காப்பது எண்ணெய் மட்டுமே. ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் முதலில் அடிபடுவது இதுதான்.

மூன்றாவது டைமிங் பெல்ட். ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் போன்ற என்ஜின்களில் செயினுக்குப் பதில் பெல்ட் இருக்கும். ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே பாழாகிவிடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

நான்காவது, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகளில் உள்ள டி.பி.எஃப். என்னும் புகைக்கரி வடிகட்டி. சேர்ந்த கரி எரிந்து போக வண்டி தொடர்ந்து சற்று வேகமாக ஓட வேண்டும். காலையில் குழந்தையைப் பள்ளியில் விட்டு வருவது மட்டுமே வேலை என்றால் அது அடைத்துக்கொள்ளும். அத்தகைய வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

பார்க்கப் போகும்போது

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர் அல்லது காற்றுப் பாதையில் கோளாறு. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் வாங்காதீர்கள். மீட்டர் 50,000 காட்டும்போது பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கும் மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கி, வெள்ளத்தில் நின்ற சேறும் துருவும் உண்டா என்று பாருங்கள். முடிவாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வருடச் செலவு

இது மாதிரிக் கணக்குதான். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு லட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடம் கழித்து இரண்டரை லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர். டீசல் 90 ரூபாய்.

மதிப்புக் குறைவு: ரூ. 70,000
டீசல்: ரூ. 75,000
இன்ஷூரன்ஸ்: ரூ. 20,000
சாதாரண சர்வீஸ்: ரூ. 15,000
டயர் ஒதுக்கீடு: ரூ. 10,000
பழுது ஒதுக்கீடு: ரூ. 40,000
மொத்தம்: ரூ. 2,30,000

கிலோமீட்டருக்கு 23 ரூபாய். மாதம் 19,000 ரூபாய்க்குச் சற்று மேல். வருடம் 5,000 கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் டீசலும் டயரும் மட்டுமே பாதியாகும். மற்றவை அப்படியே நிற்கும். அப்போது கிலோமீட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அதாவது, குறைவாக ஓட்டுபவருக்கே பெரிய வண்டி அதிகச் சுமை. வருடத்தில் இரண்டு முறை ஹரித்வார் போவதற்கு வாடகை வண்டியே மிச்சம்.

இன்ஷூரன்சிலும் வேறுபாடு உண்டு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு, 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். விற்பவரின் நோ-கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதானால்

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35. வேறு மாநிலத்துக்குப் போகத் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருப்பதானால் அங்கே மறுபதிவு செய்து வரியும் கட்ட வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று ஊரிலுள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். தில்லியில் மலிவாகத் தெரிந்த வண்டி, ஊரில் கிடைக்கும் வண்டியின் விலைக்கே வந்து நிற்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வண்டி வேண்டும் என்று தோன்றினால், ஒன்று செய்யுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் லட்ச ரூபாயைப் பழுதுக்கென்று தனியே வங்கியில் போட்டு வையுங்கள். அப்படி ஒதுக்க முடியாவிட்டால் அந்த வண்டி நம் வசதிக்கு மேற்பட்டது என்று பொருள். ஒரு படி சிறிய வண்டியைப் பார்ப்பது நல்லது.