இன்னிசை அரங்கில் விளையாட்டு விளம்பரம்

இசையரங்கும் விளம்பரமும் நம் நாட்டில் ஒன்றையொன்று அறியாதன அல்ல. தம்மம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் திருவிழாக் காலத்து இரவில் இன்னிசைக் கச்சேரி நிகழுமாயின், ஒரு பாட்டு முடிந்து மறு பாட்டுத் தொடங்குமுன் உபயதாரர் பெயரும் அவர்தம் கடைப் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுதல் வழக்கம். கேட்போர் இதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். அவர் கொடையாலேயே பாட்டு நடைபெறுகின்றது என்பதை யாவரும் அறிவர். அன்றியும் அவ்வாசிப்பு நொடிப்பொழுதில் முடிந்துவிடும். ஆயின் பாட்டே விளம்பரத்தின் பொருட்டு நிகழ்வதாயின் என்னாகும்? வீடியோ விளையாட்டுக்களை ஆக்குவோர் இசையரங்கை நாடிய வரலாற்றினைக் கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராயப் புகுவாம்.

இவ்விரண்டும் முதன்முதல் நன்கு பொருந்திய இடம் ஜப்பான் நாடு. 1986-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டிராகன் குவெஸ்ட்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதன் இரண்டாம் பகுதி 1987 ஜனவரியில் வந்தது. இரண்டிற்கும் இசையமைத்தவர் கோயிச்சி சுகியாமா என்பவர். 1987 ஆகஸ்டு 20-ஆம் நாள் தோக்கியோ நகரத்துச் சன்டோரி மண்டபத்தில் அவ்விசையைப் பல்லியக் குழுவினர் நேரில் வாசித்தனர். அக்காலத்து விளையாட்டுக் கருவி ஒரே பொழுதில் சில ஓசைகளையே எழுப்ப வல்லது; அச்சிறிய ஓசையில் மாதக்கணக்காகக் கேட்டுப் பழகிய பண்ணை, நரம்பும் துளையும் ஒருங்கியைந்த பேரிசையாக அன்று அவையோர் கேட்டனர். அவர் அறியாத பொருள் எதுவும் அங்கே அவர்முன் நீட்டப்படவில்லை. விளையாட்டின் புகழ் அவ்வரங்கினால் வளர்ந்தது உண்மையே. எனினும் கேட்க வந்தோர் இசையையே கேட்டு மீண்டனர்.

நிற்க. இதற்கு மறுதலையாக ஒன்று கூறுவாம். செகா என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் 'சோனிக்' என்ற நீலநிற முள்ளெலி தோன்றிக் கால் நூற்றாண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2016 ஜூலை 22-ஆம் நாள் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தில் ஓர் இசை விழா எடுத்தனர். இசைஞர் மேடையேறினர், விழா இணைய வழியே நேரலையாகவும் ஒளிபரப்பப்பெற்றது. புதிய விளையாட்டுக்கள் அன்று அறிவிக்கப்படும் என்னும் எதிர்பார்ப்பு முன்னரே பரவியிருந்தமையால், உலகின் பல பகுதிகளினின்றும் அன்பர் கண்விழித்துக் காத்திருந்தனர். நேரலையில் ஒலி பெரிதும் பழுதுபட்டது. பாடியது இன்னது, பேசியது இன்னது என்று பிரித்தறிய இயலாதவாறு அது சிதைந்து வந்தது.

ஈண்டு ஒரு நுட்பத்தை மாணவர் அறிதல் நலம். மண்டபத்தில் இருப்போர்க்கு ஒலியைச் சமன்செய்தல் வேறு. தொலைவில் இருப்போர்க்குச் சமன்செய்தல் வேறு. மண்டபத்திலே முரசின் அதிர்ச்சி ஒலிபெருக்கி இன்றியும் காதில் விழும். ஆகலின் அங்குள்ள ஒலிக் கலைஞர் பாடுவோர் குரலையே மிகுத்துக் கொடுப்பர். அதனையே அப்படியே இணையத்திற்கு அனுப்பின் இசை குறைபட்டு நிற்கும். மண்டபத்து நடுவே ஒலிவாங்கியை வைத்துப் பிடித்து அனுப்பினாலோ, எதிரொலியும் ஆரவாரமுமே மிஞ்சும். இரண்டிற்கும் தனித்தனியே ஆள் வேண்டும், தனித்தனியே முன்னோட்டமும் வேண்டும்.

விழாவின் முடிவில் இரண்டு அறிவிப்புக்கள் வந்தன. ஒன்று 'சோனிக் மேனியா'. மற்றொன்றிற்கு அன்று பெயர்கூட இல்லை. 2017-ஆம் ஆண்டுத் திட்டம் என்றே குறிக்கப்பட்டது. 'சோனிக் போர்சஸ்' என்னும் பெயர் 2017 மார்ச்சு மாதத்திலேதான் வெளியாயிற்று. இடிந்த நகரமும் ஓடுகின்ற உருவங்களும் திரையில் தோன்றினவேயன்றி, ஆடுவோன் கையில் அவ்விளையாட்டு எவ்வாறு இயங்கும் என்பது அதனால் விளங்கவில்லை. நம் தம்மம்பட்டி மரச்சிற்பிகள் இவ்வகையில் நேர்மையாளர் என்று யாம் கருதுகின்றோம். வாங்க வருபவன் சிற்பத்தைத் தூக்கிப் பார்க்கலாம், விரலால் தடவிப் பார்க்கலாம், முதுகுப்புறத்து உளி வேலையையும் திருப்பிப் பார்க்கலாம். விளையாட்டின் முன்காட்சியோ, சிற்பத்தைப் பற்றி எழுதிய ஓவியம் போன்றது. ஓவியம் அழகாயிருத்தலால் சிற்பமும் அழகாகும் என்பது துணிபன்று. சோனிக் மேனியா 2017 ஆகஸ்டில் வந்து பெரும் பாராட்டுப் பெற்றது. சோனிக் போர்சஸ் அவ்வாண்டு நவம்பரில் வந்து பலருடைய குறைகூறலுக்கு ஆளாயிற்று. ஒரே இரவில், ஒரே பழுதுற்ற ஒலியில் அறிவிக்கப்பட்டவை இவ்விரண்டும் என்பதை நோக்குக!

பின்னர் வந்தோர் மண்டபத்தையே நீக்கி, விளையாட்டினுள்ளேயே அரங்கை அமைத்தனர். 'போர்ட்நைட்' என்னும் விளையாட்டில் 2019 பிப்ரவரி 2-ஆம் நாள் மார்ஷ்மெல்லோ என்பவரின் இசை நிகழ்ந்தபோது 1 கோடியே 7 லட்சம் பேரும், 2020 ஏப்ரலில் டிராவிஸ் ஸ்காட் என்பவரின் நிகழ்ச்சியில் 1 கோடியே 23 லட்சம் பேரும் ஒரே பொழுதில் கூடினர் என்பர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடமே. இவற்றை இசையரங்கு என்பதினும் வாணவேடிக்கை என்றலே பொருந்தும் போலும். ஆயினும் வந்தவர் எதற்காக வந்தனரோ அதனைப் பெற்றே சென்றனர்.

கேட்போர் எதிர்பார்ப்பு முறியுங்கால் விளைவது யாது என்பதனைத் தமிழ்நாடும் கண்டதுண்டு. சென்னைக்கு அண்மையில் பனையூரில் 2023 செப்டம்பர் 10-ஆம் நாள் நிகழ்ந்த 'மறக்குமா நெஞ்சம்' இசைவிழாவில், சீட்டு வாங்கியவரிற் பலர் நெரிசலால் உள்ளே புகவும் மாட்டாது திரும்பினர். அங்கே குறை விளம்பரத்தினால் அன்று, ஏற்பாட்டினால். எனினும் சீட்டு வாங்கியவனோடு செய்யும் உடன்படிக்கை இரண்டிடத்தும் ஒன்றே.

இனி நம்மூர்க் கச்சேரிக்கு வருவாம். சான் டியேகோவில் அன்பர் இழந்தது ஓர் இரவின் உறக்கம். நம் சிற்றூர் அரங்கில் கைப்பேசி விளையாட்டின் பதாகை ஒன்று ஏறுமாயின், இழப்பு அத்தோடு நில்லாது. பணம் கட்டி ஆடும் ஆட்டமாயின், நெசவும் உழவும் செய்து ஈட்டிய பொருள் ஓர் இரவிற் போகும். இதுபற்றியே தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் இணையவழிச் சூதாட்டத்தையும் அதன் விளம்பரத்தையும் தடுத்தது; அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றைப் பற்றிய பகுதியை மட்டும் நீக்கிற்று. அதன்பின் 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற நடுவணரசுச் சட்டம், திறமை ஆட்டம், வாய்ப்பு ஆட்டம் என்னும் வேற்றுமை பாராது, பணங்கட்டும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் விலக்கி, அவற்றை விளம்பரம் செய்வோர்க்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதித்தது. பந்தயமில்லா விளையாட்டுக்களை அது விலக்கவில்லை. ஆதலின் பதாகையொடு கொடையும் கொண்டு வருபவர் எவ்வினத்தார் என்பதை விழாக் குழுவினர் தாமே கேட்டறிதல் வேண்டும்; இருவகைப் பதாகைகளிலும் வரையப்பெறும் படமும் வண்ணமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.