கரையில் நிற்கும் படகு கணக்கில் வராது

நீர்மூழ்கி கட்டும் தளத்தில் டிராயிங் போடவும், வெல்டிங் பிடிக்கவும், சோதனை பார்க்கவும் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன். எந்த நாட்டிடம் எத்தனை நீர்மூழ்கிகள் என்று பத்திரிகைகளில் அட்டவணை வரும். அதைப் பார்த்துப் பெருமைப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இன்றைக்கு உத்தரவு வந்தால் இந்த வாரத்துக்குள் எத்தனை படகுகள் கிளம்பிப் போய் மூழ்கும்? கடற்படைக்கு வேண்டியது அந்த எண் ஒன்றுதான். அது கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் உங்கள் மேசையிலும் பட்டறையிலும் முடிவாகிறது.

1. கழற்ற வருகிறவரை நினைத்து வரையுங்கள்.

ஒரு படகு 25, 30 ஆண்டு உழைக்கும். நீங்கள் இன்று வரையும் பம்பைக் கழற்றப் போகிறவர் இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அவர் கை உள்ளே போகுமா, ஸ்பேனர் கால்வட்டமாவது சுழலுமா, கழற்றிய பம்பு எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு டிராயிங்கில் கையெழுத்துப் போடுங்கள். நம் ஐ.என்.எஸ். கல்வரியின் நீளம் 67.5 மீட்டர். அதற்குள் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கேபிள், 11 கிலோமீட்டர் குழாய், 360 பேட்டரி செல்கள். ஒரு செல் 750 கிலோ. பேட்டரிக்கு ஆயுள் உண்டு. ஒருநாள் அத்தனையும் வெளியே வந்து புதியவை உள்ளே இறங்கியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் காலின்ஸ் வகைப் படகுகளில் டீசல் எஞ்சினை உள்ளேயே வைத்துப் பிரித்து வேலை பார்ப்பதைவிட, அழுத்தம் தாங்கும் உடலையே வெட்டித் திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி பற்றவைப்பது லாபம் என்ற முடிவுக்கு அடிலெய்டில் வந்தார்கள். பீரோவை வைத்துவிட்டுச் சுவரை எழுப்பிய வீட்டுக்காரர் கதைதான்.

2. எடையை எழுதுங்கள், தினமும் எழுதுங்கள்.

மேலே ஓடும் கப்பலில் நூறு டன் கூடினால் அது கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும். நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. மூழ்கிய நிலையில் அதன் எடை, அது ஒதுக்கும் நீரின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஸ்பெயினில் எஸ்-80 வகையின் முதல் படகான இசாக் பெரால் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும்போதுதான், எடை 75 முதல் 100 டன் வரை கூடுதல் என்ற செய்தி 2013-இல் வெளியே வந்தது. கணக்கில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் நிறுவனத்தைத் துணைக்கு அழைத்து, படகைச் சுமார் 10 மீட்டர் நீட்டினார்கள். நீண்ட படகு கடற்படைத் தளத்தின் நிறுத்துமிடத்தில் அடங்கவில்லை. அங்கே போய்த் தோண்ட வேண்டியதாயிற்று. கடற்படையில் சேர்ந்தது 2023 நவம்பரில். ஒவ்வொரு வால்வும் தராசில் ஏறித்தான் படகுக்குள் போக வேண்டும். "கேட்டலாக்கில் எடை போட்டிருக்கிறதே" என்பவருக்குத் தராசைக் காட்டுங்கள்.

3. ஒன்று, மூன்று, எட்டு.

பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, உடல் துண்டுக்குள் மூன்று மணியும், மூடிய படகுக்குள் எட்டு மணியும் பிடிக்கும் என்பது கப்பல் தளங்களில் பழகிய கணக்கு. அதனால்தான் அமெரிக்காவின் வர்ஜீனியா வகைப் படகுகளைத் துண்டு துண்டாக, முடிந்தவரை உள்வேலையையும் முடித்துக்கொண்டு சேர்க்கிறார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு கிளாம்பை விட்டீர்களானால் அதன் விலை எட்டு மணி நேரம்.

4. எலக்ட்ரோடை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்துங்கள்.

ஈரம் ஏறிய குச்சியிலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். இணைப்பு அன்றைக்கு எக்ஸ்ரேயில் அழகாக இருக்கும். ஓரிரு நாள் கழித்து உள்ளே விரிசல் விடும். ஆகவே நீர்மூழ்கி உடலின் வலுவான எஃகை ஆறவிட்டு, காத்திருந்து சோதிக்கிறோம். மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். அமெரிக்காவின் சீவுல்ஃப் படகுக்கு, அதுவரை பழகியதைவிட வலுவான எச்ஒய்-100 எஃகைத் தேர்ந்தெடுத்தார்கள். 1991-இல் இணைப்புகளில் விரிசல் தெரிந்தது. செய்து முடித்த உடல் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. எஃகு புதிது என்றால் முப்பது வருட அனுபவமுள்ள வெல்டரும் அன்றைக்குப் புதியவர்தான்.

5. குழாய் இணைப்பைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 1963 ஏப்ரல் 10 அன்று அட்லாண்டிக்கில் அமெரிக்காவின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேரோடு அழிந்துபோனது. தளத்தில் வேலை முடிந்து ஆழச் சோதனைக்குக் கிளம்பிய படகு அது. கடல்நீர்க் குழாயில் வெள்ளிப் பற்றாசு வைத்த இணைப்பு ஒன்று விட்டுப்போய், தெறித்த நீர் மின்பலகைகளை நனைத்து, அணு உலை நின்று, உந்துவிசை அற்றுப்போயிருக்க வேண்டும் என்பது விசாரணையின் கணிப்பு. மேலே வருவதற்காகத் தொட்டிகளுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். காற்றிலிருந்த ஈரம் வடிகட்டியில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைத்திருக்கும் என்பது, பிறகு அதே வகைப் படகான டினோசாவைத் துறையில் கட்டியபடியே வைத்துச் சோதித்தபோது தெரிந்தது. துறையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனை. 129 பேர் போன பிறகு செய்தார்கள்.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. கடைசியாகத் தளத்தில் இருந்தபோதே 145 இணைப்புகளை அல்ட்ராசோனிக் முறையில் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே. படகில் மொத்தம் ஏறக்குறைய 3,000 இணைப்புகள். மீதியைப் பார்க்காமலே படகு கிளம்பியது. பார்த்திருந்தால் நாள் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஆண்டே சப்சேஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். கடல்நீர் உள்ளே வராமல் தடுப்பதற்கும், வந்துவிட்டால் மேலே ஏறுவதற்கும் உரிய ஒவ்வொரு பாகத்துக்கும் பொருள் எங்கிருந்து வந்தது, யார் பொருத்தினார், யார் சோதித்தார் என்று எழுத்தில் சான்று வேண்டும். அந்தச் சான்று பெற்ற எந்தப் படகையும் அமெரிக்கா இதுவரை இழக்கவில்லை. 1968-இல் போன ஸ்கார்ப்பியன் அந்தச் சான்று பெறாத படகு.

6. புரியாத சோதனையைக் கேள்வி கேளுங்கள், எண்ணை மாற்றாதீர்கள்.

அமெரிக்கக் கடற்படைக்கு எஃகு வார்ப்புகள் கொடுத்த டகோமா நகர வார்ப்பாலை ஒன்றில், 1985 முதல் 2017 வரை சோதனை முடிவுகள் திருத்தி எழுதப்பட்டன. 240-க்கும் மேற்பட்ட வார்ப்புத் தொகுதிகள். அதைச் செய்தவர் உலோகவியலில் தேர்ந்தவர். சோதனை விதி கேட்கும் கடுங்குளிரில் எஃகைச் சோதிப்பது முட்டாள்தனம் என்று தோன்றியதால் சில எண்களை மாற்றினேன் என்று விசாரணையில் சொன்னார். பணத்துக்காக ஏமாற்றுகிறவரைவிட, தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவரைக் கண்டுபிடிப்பது கடினம்.

7. புதியது எதுவானாலும் முதலில் கரையில் ஓட்டுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. அரிஹந்த் படகின் அணு உலைக்குத் தரையில் ஒரு மாதிரி அமைத்து 2006-இலேயே இயக்கிவிட்டார்கள். படகை ஓட்டப் போகிறவர்களும் அங்கேதான் பழகினார்கள். படகு விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது 2009 ஜூலையில். கடலுக்குள் கண்டுபிடிக்கும் பழுதைக் கல்பாக்கத்தில் கண்டுபிடித்தால் யாரும் நனைய மாட்டார்கள்.

8. வரிசை அறுந்தால் கை மறந்துவிடும்.

மும்பை மசகான் தளத்தில் ஜெர்மன் வடிவமைப்பில் கட்டிய ஷால்கி 1992-இலும் ஷங்குல் 1994-இலும் கடற்படையில் சேர்ந்தன. மேலும் இரண்டு கட்டும் எண்ணம் இருந்தது. லஞ்சப் புகார் கிளம்பியதில் அது நின்றது. அடுத்து அதே தளத்திலிருந்து பிரெஞ்சு வடிவமைப்பில் கல்வரி வந்து சேர்ந்தது 2017 டிசம்பரில். நடுவே 23 ஆண்டுகள். ஜெர்மனியில் பயிற்சி பெற்று வந்த வெல்டர்கள் அதற்குள் ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். 2005-இல் ஒப்பந்தமாகி, 2012-இல் வர வேண்டிய கல்வரி தாமதமானதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்ததும் ஒன்று. பிரிட்டனுக்கும் இதே கதி. வேன்கார்டு வகை முடிந்தபின் பேரோ தளத்தில் ஆட்கள் கரைந்துபோய், அஸ்டியூட் படகை முடிக்க அமெரிக்கர்களின் உதவி தேவைப்பட்டது.

ஜப்பானைப் பாருங்கள். கோபே நகரில் மிட்சுபிஷி, கவாசாகி ஆகிய இரண்டு தளங்களும் மாற்றி மாற்றி, ஆண்டுக்கு ஒரு படகு வீதம் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. அவசரமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. 2010-இல் 16 படகுகளை 22 ஆக்க முடிவு செய்தபோது, கட்டும் வேகத்தைக் கூட்டாமல் பழைய படகுகளின் ஆயுளைக் கூட்டியே அதைச் சாதித்தார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் புத்திசாலித்தனமான திட்டம் வேறில்லை.

ஆர்டர் கொடுப்பது டெல்லியின் வேலை, நாங்கள் என்ன செய்ய என்பீர்கள். ஓய்வு பெறப் போகும் பைப் ஃபிட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். டிராயிங்கில் இல்லாமல் அவர் கையில் மட்டும் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

9. ரீஃபிட் தொடங்குமுன் பாதி ரீஃபிட் முடிந்திருக்க வேண்டும்.

நம் சிந்துகீர்த்தி நீர்மூழ்கி 2006-இல் விசாகப்பட்டினத்தில் ரீஃபிட்டுக்கு, அதாவது பெரும் பழுதுபார்ப்புக்கு, போய் 2015-இல் வெளியே வந்தது. ஒன்பது ஆண்டுகள் நம் கணக்கில் ஒரு படகு இருந்தது, கடலில் இல்லை. பணக்கார நாட்டிலும் இப்படி நடக்கும்: அமெரிக்காவின் பாய்ஸி படகு மூழ்குவதற்கான சான்றை 2017-இல் இழந்து, தளத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்தது. அதன் ரீஃபிட்டுக்கு முழு ஒப்பந்தம் 2024-இல்தான் வந்தது.

ஆஸ்திரேலியர்கள் இதிலிருந்து மீண்டவர்கள். ஆறு காலின்ஸ் படகுகள் இருந்தும் கடலுக்குப் போக ஒன்றோ இரண்டோதான் என்ற நிலையில், 2011-இல் ஜான் கோல்ஸ் என்ற பிரிட்டிஷ் நிபுணரை அழைத்தார்கள். எத்தனை படகு தயாராக இருக்க வேண்டும் என்ற இலக்கே தெளிவாக இல்லை, உதிரி பாகம் போதவில்லை, பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடக்கிறது என்று அவர் கண்டார். அதன்பின் 10 ஆண்டு ஓட்டம், 2 ஆண்டு ரீஃபிட் என்று சுழற்சியை மாற்றினார்கள். முன்பு பெரிய ரீஃபிட் மூன்று ஆண்டுக்கு மேல் இழுத்தது. மந்திரம் ஒன்றுமில்லை: படகு தளத்துக்கு வருமுன்பே உதிரி பாகங்கள் கிடங்கில் இருக்க வேண்டும், எதைத் திறப்பது என்று முன்கூட்டியே ஆய்ந்து வைத்திருக்க வேண்டும். திறக்க அவசியமில்லாத வால்வை "இருக்கட்டும், பார்த்துவிடலாம்" என்று திறக்கிற ஆர்வக்கோளாறைக் கட்டுப்படுத்துங்கள். திறந்த ஒவ்வொன்றுக்கும் கேஸ்கெட் வேண்டும், சோதனை வேண்டும், நாள் வேண்டும்.

10. ஆயுதமும் ஆளும்.

கல்வரி சேர்ந்தபோது அதற்கென்று வாங்கவிருந்த கனரக டார்பிடோ இல்லை. அந்தக் கொள்முதல் வேறொரு ஊழல் புகாரில் ரத்தாகிவிட்டது. பழைய டார்பிடோவை வைத்துச் சமாளித்தார்கள். காலின்ஸ் படகுகளில் சில ஆண்டுகள் மாலுமிகள் போதாமல், நல்ல படகே துறையில் நின்றது. இரண்டும் உங்கள் அதிகாரத்தில் இல்லை. ஆனால் படுக்கை, கழிப்பறை, சமையலறையை வரைகிற தம்பி, ஆட்கள் இந்த வேலையில் நிலைப்பதில் உனக்கும் பங்கிருக்கிறது.

11. சோதனைப் பயணத்துக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள்.

திரெஷரோடு போனவர்களில் 17 பேர் சிவிலியன்கள். தளத்திலிருந்தும் ஒப்பந்த நிறுவனங்களிலிருந்தும் வந்தவர்கள். நீங்கள் பற்றவைத்த இணைப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆழத்துக்கு இறங்கிப் பாருங்கள். போகும்போது நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எது அதிர்கிறது, எது கசிகிறது, எந்த வால்வை எட்ட மாலுமி முழங்காலிட வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து, கரையேறிய அன்றே டிராயிங் ஆபீசில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் என்றால் பாதி மறந்துபோகும்.