உதடு மரத்தால் பல்லும் மரத்ததா? வேர் சிகிச்சை ஊசிகள் – ஓர் எளிய ஒப்பீடு

“ரூட் கெனால் எல்லாம் வேண்டாம் டாக்டர், பல்லைப் பிடுங்கிடுங்க!” பல் மருத்துவமனையில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. பல நேரங்களில் இதற்குக் காரணம் பயம்தான். “போன தடவை ஊசி போட்டும் உயிர் போற மாதிரி வலிச்சுது” என்பார்கள். அந்தப் பயத்தால், காப்பாற்றக்கூடிய பல்லையும் இழந்துவிடுகிறோம்.

ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது என்றால் அது நோயாளியின் குற்றம் அல்ல. அதற்குக் காரணம் உண்டு. அடுத்த வழியும் உண்டு. அவற்றை இங்கே பார்ப்போம்.

மரப்பு ஊசி என்ன செய்கிறது?

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட பற்கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை போய்விட்டால், அதை எடுத்துச் சுத்தம் செய்து, வேர்க்குழாயை அடைப்பதுதான் வேர் சிகிச்சை. அதற்கு முன் போடும் மருந்து, வலிச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போவதைத் தற்காலிகமாக நிறுத்துகிறது. நம் நாட்டில் அதிகம் பயன்படுவது லிக்னோகைன். மருந்து சீக்கிரம் கரைந்து போகாமல் இருக்க, அதோடு சிறிதளவு அட்ரினலின் சேர்ப்பார்கள்.

மேல் பல்லுக்கு ஒரு முறை, கீழ்ப் பல்லுக்கு வேறு முறை

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உடையது. பல்லின் வேர்நுனிக்கு அருகே ஈறில் ஊசி போட்டாலே மருந்து எலும்புக்குள் ஊடுருவிவிடும். இதுதான் ஊடுருவல் ஊசி. பெரும்பாலும் சில நிமிடங்களில் பல் மரத்துவிடும்.

கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி எலும்பு கெட்டியானது. அங்கே அதே முறை பல நேரம் போதாது. எனவே தாடையின் உட்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்கு அருகே மருந்து செலுத்துவார்கள். இது நரம்புத் தடுப்பு ஊசி. அந்தப் பக்கத்துக் கீழ்ப் பற்கள், பாதி உதடு, பெரும்பாலும் நாக்கின் ஒரு பாதியும் மரத்துப்போகும்.

சிக்கல் எங்கே வருகிறது?

உதடு சில நிமிடங்களில் மரத்துவிடும். ஆனால் பல்லின் உள்நரம்பு மரக்க 10 முதல் 15 நிமிடம்கூட ஆகலாம். சிலருக்கு உதடு நன்றாக மரத்திருந்தும் பல் மரக்காது. ராத்திரி தூங்கவிடாமல் தெறிக்கும், கடுமையாக வீங்கி அழன்ற கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் இது அதிகம். அழற்சியால் அங்குள்ள நரம்புகள் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருப்பதால், வழக்கமான மருந்துக்கு அவை முழுதாக அடங்குவதில்லை.

அதனால்தான் சிகிச்சையைத் தொடங்கும் முன், பல்லில் குளிர்ச்சியான பொருளை வைத்துப் பார்ப்பது நல்ல முறை. குளிர்ச்சி தெரியவில்லை என்றால் பல் மரத்திருக்க வாய்ப்பு அதிகம். சுரீர் என்றால் இன்னும் மரக்கவில்லை.

முதல் ஊசி போதாவிட்டால்?

மாற்று நரம்புத் தடுப்பு: ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் கௌ-கேட்ஸ் 1973-இல் விளக்கிய முறையில், நரம்பை இன்னும் மேலே, அது கிளை பிரியும் முன்பே தடுப்பார்கள். வாயை அகலத் திறக்க வேண்டும். மரக்கச் சற்று நேரம் பிடிக்கும். வாயே திறக்க முடியாதவர்களுக்கு, வாயை மூடிய நிலையில் போடும் வசிரானி-அகினோசி முறை கைகொடுக்கும்.

ஆர்ட்டிகைன் ஊசி: இது எலும்பில் நன்றாக ஊடுருவும் மருந்து. நரம்புத் தடுப்போடு சேர்த்து, கீழ்க் கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்க ஈறிலும் இதைப் போட்டால் பலருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது.

பல்லிடுக்கு ஊசி: பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள தசைநாரில் போடுவது. உடனே வேலை செய்யும். ஆனால் நீடிக்கும் நேரம் குறைவு. மறுநாள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம்.

எலும்புக்குள் ஊசி: எலும்பில் சிறு துளையிட்டு, மருந்தை வேருக்குப் பக்கத்திலேயே சேர்ப்பது. பலன் வேகமானது, வலுவானது. தனிக் கருவி வேண்டும். அட்ரினலின் கலந்த மருந்து என்றால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். இதய நோய் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பற்கூழ் ஊசி: பல்லைத் திறந்தபின் நேராகப் பற்கூழுக்குள் போடுவது. போடும் அந்த நொடி சுரீரென வலிக்கும். பிறகு சட்டென்று அடங்கும். அதனால் இதைக் கடைசி வழியாகவே வைத்திருப்பார்கள்.

ஆக, எல்லாருக்கும் ஒரே ‘சிறந்த ஊசி’ என்று எதுவும் இல்லை. எந்தப் பல், எவ்வளவு அழற்சி, உங்கள் உடல்நிலை என்ன என்பதைப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ரத்த அழுத்தம், இதய நோய், சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம், ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள்.

• வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வழக்கமான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• ஊசி என்றாலே பயமா? “முதல்ல மரக்கிற ஜெல் தடவுங்க, மெதுவா போடுங்க” என்று கேட்கலாம். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

• வலித்தால் எந்தக் கையைத் தூக்குவது என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். “உதடு மரத்துடுச்சு, ஆனா பல்லு வலிக்குது” என்று சொன்னால்தான் மருத்துவர் அடுத்த வழிக்குப் போக முடியும்.

• மரப்பு போகும்வரை சாப்பிட வேண்டாம். சூடான டீ, காபியும் வேண்டாம். உதடு மரத்திருப்பது 3 முதல் 5 மணி நேரம்கூட நீடிக்கலாம். குழந்தைகள் தெரியாமல் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்; பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது?

சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேர் சிகிச்சைக்கெனத் தனித்துறை இயங்குகிறது. மற்ற ஊர்க்காரர்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவில் முதலில் காட்டலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

வலி முற்றிய பிறகு போனால் மரக்க வைப்பதும் கடினம். பல் கூசத் தொடங்கும்போதே போனால், ஒரே ஊசியோடு வேலை முடியலாம், பல்லும் தங்கும்.