பட்டினி கிடந்து கொழுப்பைக் கரைக்கப் போகிறவர்களுக்கு

ஏகாதசியும் சஷ்டியும் நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குப் புதிதல்ல. லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தவக்காலம் உண்டு, சுல்தான்பேட்டையில் ரம்ஜான் நோன்பு உண்டு. இப்போது நீங்கள் தொப்பை குறையப் பட்டினி கிடக்கிறீர்கள், கைப்பேசியைப் பார்த்துக் ‘கீட்டோசிஸ்’ என்கிறீர்கள். செய்யுங்கள். தொடங்குமுன் வயசானவன் சொல்வதையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரு வேளை சோற்றை விட்டதுமே கீட்டோசிஸ் வந்துவிடாது. ஈரலில் ஏறக்குறைய 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து இருக்கிறது. அது தீரத் தீரத்தான் ஈரல் கொழுப்பைக் கீட்டோன்களாக மாற்றி அனுப்பும்; அந்த நிலைதான் கீட்டோசிஸ். கொழுப்பை நேராக எரிக்க முடியாத மூளை கீட்டோனை எரித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967இல் இதைக் காட்டினார்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்கு அந்தச் சேமிப்பு மறுநாள் மத்தியானம் தாண்டியும் ஓடும். கீட்டோசிஸ் நன்றாகப் பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு நாள் ஏகாதசி உங்களை அதன் வாசல்வரைதான் கொண்டுபோய் விடும். அதுவே போதும் என்பது என் கட்சி.

2. ஜவ்வரிசிக் கஞ்சி, பானகம், வாழைப்பழம் எல்லாம் சாமிக்கு ஆகும், கீட்டோசிஸுக்கு ஆகாது. நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றிலேயே 25 கிராம் அளவுக்கு மாவும் சர்க்கரையும் இருக்கின்றன. சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருந்துவிட்டு எடை இறங்கவில்லையே என்று முருகனைக் குறை சொல்லாதீர்கள்.

3. முதல் இரண்டு நாளில் இரண்டு கிலோ இறங்கினால் துள்ளிக் குதிக்க வேண்டாம். பெரும்பகுதி தண்ணீர். ஒரு நாள் முழுப் பட்டினியில் கரையும் கொழுப்பு கூடிப்போனால் 200 கிராம்.

4. அரவிந்தர் கதையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்தவர், சங்கர செட்டியார் வீட்டில் தங்கியிருந்தபோது 23 நாள் சாப்பிடாமல் இருந்தார். வழக்கம்போல நாளுக்கு எட்டு மணி நேரம் நடந்ததாகவும், சோர்வே இல்லையென்றும் பிற்பாடு சீடர்களிடம் சொன்னார். ஊரில் இந்தப் பாதியைத்தான் பேசுவார்கள். உடம்பில் சதை குறைந்துகொண்டே வந்தது, அதை ஈடுகட்ட வழி பிடிபடவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். நடந்தது இதுதான்: இரத்த அணுக்களுக்குச் சர்க்கரை வேண்டும், கொழுப்பிலிருந்து அது போதுமான அளவு கிடைக்காது, அதனால் உடம்பு தசைப் புரதத்தை உடைத்துச் சர்க்கரை செய்துகொள்கிறது. கொழுப்பு மட்டும் கரைந்து தசை அப்படியே நிற்கும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

பட்டினி முடித்ததும் ஒரேயடியாக வழக்கமான அளவு சாப்பிட்டதாகவும் அவர் சொன்னார். அதைப் பின்பற்ற வேண்டாம். நாள்கணக்கில் ஒன்றும் தின்னாமல் இருந்துவிட்டு வயிறு நிறையச் சோறு இறக்கினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடாரென்று விழும், இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஐந்து நாள் தாண்டிய பட்டினியை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் முடிக்கக் கூடாது. ஒரு நாள் விரதத்துக்கு அந்தப் பயம் இல்லை. அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக நம் பெண்கள் துவாதசியில் பரிமாறும் பாரணை போதும்.

5. வாயில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல ஒரு வாடை அடிக்கும். அதுதான் அசிட்டோன், கீட்டோன் வகையறா. 1948 ஜனவரியில் டெல்லியில் காந்தி இருந்த கடைசி உண்ணாவிரதத்தில், சிறுநீரில் அசிட்டோன் வந்ததைக் கண்டு டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். இப்போது அதைப் பார்க்கும் பட்டை மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. தினமும் நனைத்து நிறம் பார்ப்பது வீண் செலவு.

6. பட்டினியில் இன்சுலின் குறையும்; அது குறைந்தால் சிறுநீரோடு உப்பும் போகும்; எழுந்தவுடன் கிறுகிறுப்பது பெரும்பாலும் அதனால்தான். தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவோ களையெடுப்போ நடக்கும் நாளில் விரதமே வேண்டாம்.

7. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள்: கூடாது. இதில் பேச்சே இல்லை.

8. கடைசியாகச் சர்க்கரை வியாதி. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி மயங்கி விழுவீர்கள். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை இன்னும் பொல்லாதது: சர்க்கரை சரியாகவே இருக்க, கீட்டோன் மட்டும் ஏறி இரத்தம் அமிலமாகிவிடும். இது கீட்டோசிஸ் இல்லை, உயிரெடுக்கும் கீட்டோஅசிடோசிஸ். விரதத்துக்கு முன்பே மாத்திரை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். வாந்தி, வயிற்றுவலி, இரைக்க இரைக்க மூச்சு என்று யாருக்காவது வந்தால் நடு ராத்திரியானாலும் ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குளுக்கோமீட்டர் நல்ல எண் காட்டுகிறதே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.