கடல் கடந்து மீண்ட வாள்

தாராவி மக்கள் மாகிம் நிலையத்தில் தெற்கு நோக்கி மின்சார இரயில் ஏறினால், மூன்றாவது நிலையம் பிரபாதேவி. அப்பகுதியிலுள்ள பு. ல. தேஷ்பாண்டே கலை அகாதமிக்கு 2025 ஆகஸ்டு 18ஆம் நாள் இலண்டனிலிருந்து ஒரு வாள் வந்து சேர்ந்தது.

நாகபுரி போன்சலே அரசை நிறுவிய முதலாம் இரகுஜி போன்சலேயின் (1695–1755) வாள் அது. சத்திரபதி சாகு மன்னர் காலத்தில் 'சேனாசாகேப் சுபா' என்னும் பட்டம் பெற்ற படைத்தலைவர் அவர். தமிழகத்திற்கும் அவர் புதியவரல்லர். 1740இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியை வீழ்த்தி, 1741இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைபிடித்த மராத்தியப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

வாளின் அலகு நேரானது; ஒரு புறமே கூருடையது; ஐரோப்பாவில் செய்யப்பட்டது. கைப்பிடியோ விரல்களைக் கூடைபோல் காக்கும் இந்திய வேலைப்பாடு. அயல்நாட்டு அலகு பூண்ட இத்தகைய வாளைப் 'பிரங்கி' என்பர். தமிழில் வழங்கும் 'பரங்கி' என்னும் சொல்லுக்கு அஃது உறவு. அலகின் முதுகில் உரிமையாளரின் பெயரும் பட்டமும் தேவநாகரி எழுத்தில் பொன்னால் பொறிக்கப்பட்டுள்ளன.

இவ்வகை அணிவேலைக்குக் 'கோப்த்காரி' என்று பெயர். இரும்பின் மேற்பரப்பை நுண்ணிய குறுக்குக் கீறல்களால் முதலில் சொரசொரப்பாக்குவர். அதன்மேல் மெல்லிய பொன் கம்பியையோ வெள்ளிக் கம்பியையோ வைத்துச் சிறு சுத்தியால் தட்டுவர். கீறல்கள் கம்பியைக் கவ்விக்கொள்ளும். பின்னர் வழவழப்பான கல்லால் தேய்க்க மெருகேறும். பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. பொன் கருக்காது, வெள்ளியோ காற்றிலுள்ள கந்தகத்தால் கருக்கும். அக்கருமையைப் போக்க ஓயாமல் தேய்த்தால், மயிரிழை போன்ற வெள்ளியும் உடன் தேய்ந்துவிடும். பழைய வெள்ளி வேலை வாள்கள் சிலவற்றில் கீறல்கள் மட்டுமே எஞ்சி நிற்பது இதனால்தான். துருவுக்கு நிகரான பகை துடைப்பும் ஆகும்!

1817இல் சீதாபுல்டிப் போரில் நாகபுரிப் படை ஆங்கிலக் கும்பினியாரிடம் தோற்றது. அதன்பின் நிகழ்ந்த கொள்ளையில் இவ்வாள் கடல் கடந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. 2025 ஏப்ரல் 29ஆம் நாள் இலண்டன் சோதபி நிறுவனத்தில் அஃது ஏலத்திற்கு வந்தபோது, மகாராட்டிர அரசு ஓர் இடையீட்டாளர் வழியாக ஏறத்தாழ 47.15 இலட்சம் ரூபாய் செலவில் அதனைப் பெற்றது. பறிகொடுத்த பொருளை விலைகொடுத்து வாங்குவது முறையோ என்று வினவுவோர் உண்டு. அந்த வினா நியாயமானதே. எனினும், வேறொருவர் ஏலத்தில் வென்றிருந்தால் வாள் மீண்டும் ஒரு தனியார் பேழைக்குள் மறைந்திருக்கும்.

சொற்பொருள்: அலகு – வாளின் வெட்டும் பகுதி, மெருகு – பளபளப்பு, பேழை – பெட்டி.

வினாக்கள்
1. இரகுஜி போன்சலேக்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு யாது?
2. வெள்ளி வேலை அழிவதற்குரிய காரணத்தை விளக்குக.
3. வாளை அரசு விலைகொடுத்து வாங்கியது குறித்து உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.